பழைய மருத்துவச் சீட்டும் புதிய ஐயமும்



இளமையில் மனச்சிதைவு என்றோ மனச்சோர்வு என்றோ மருத்துவர் எழுதிய சீட்டை இருபது, முப்பது ஆண்டுகள் சுமந்தவர்களுள் சிலர், நடுவயதில் ஒரு கேள்வியுடன் வருகின்றனர்: 'எனக்கு இருந்தது அந்த நோய்தானா, அல்லது பிறவியிலிருந்தே ஆட்டிசமா?' மகனுக்கோ பேரனுக்கோ ஆட்டிசம் எனக் கண்டறியப்பட்டபோது, மருத்துவர் கூறிய அடையாளங்களில் தம் சிறுபிராயத்தையே கண்டவர்களும் உண்டு. வீட்டார் இதனை வீண் ஐயம் என்று தள்ளிவிடுவர். இவ்விரு பெயர்களின் வரலாற்றை அறிந்தவர் அத்தனை எளிதில் தள்ளிவிட மாட்டார்.

ஆட்டிசம் என்னும் சொல்லே மனச்சிதைவைப் பற்றிய நூலிலிருந்து வந்ததுதான். ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரை வழங்கிய சுவிட்சர்லாந்து மருத்துவர் ப்ளூலர், அந்நோயாளர் புறவுலகை விட்டுத் தமக்குள் ஒடுங்கும் நிலையை 1911இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லால் குறித்தார். 'தான்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் இதன் வேர். 1925இல் மாஸ்கோவில் சுகாரேவா என்னும் பெண் மருத்துவர் ஆறு சிறுவர்களைப் பற்றி எழுதினார். அவர் கண்ட அடையாளங்கள் இன்றைய ஆட்டிசத்தை வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருந்தன. ஆயினும் அவர் இட்ட பெயர் மனச்சிதைவை ஒட்டியதாகவே இருந்தது.

1943இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் வேறுபாடு தெளிவாயிற்று. மனச்சிதைவில், நன்றாக இருந்தவர் பின்னர் ஒடுங்குகிறார். இக்குழந்தைகளோ வாழ்வின் தொடக்கத்திலிருந்தே அவ்வாறு இருந்தனர்.

இருந்தும் பழைய பெயர் விடவில்லை. 1968இல் வெளியான அமெரிக்க மனநோய்க் கையேட்டில் ஆட்டிசத்திற்குத் தனி இடமில்லை. குழந்தைப் பருவ மனச்சிதைவின் அடையாளமாகவே அது குறிக்கப்பட்டது. இந்த இயல்புக்கென 1971இல் தொடங்கப்பட்ட ஆய்விதழின் பெயரிலும் 'ஆட்டிசமும் குழந்தைப் பருவ மனச்சிதைவும்' என இரண்டும் சேர்ந்தே இருந்தன. 1980ஆம் ஆண்டுக் கையேடுதான் இரண்டையும் பிரித்தது. இடையில், தாயின் பாசக்குறைவே காரணம் எனச் சொல்லித் தாய்மார்களை அழவைத்த கொள்கையும் பல ஆண்டுகள் கோலோச்சியது. அதைப் பரப்பியவர்கள் கற்றறிந்தோர் என்பதுதான் வேதனை.

பேச்சும் அறிவும் குறைவின்றி உள்ளவர்களுக்கும் இவ்வியல்பு இருக்கலாம் என்பதை இங்கிலாந்தின் லோர்னா விங் 1981இல் எழுதிய கட்டுரை பரவலாக உணர்த்தியது. அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகளின் தாய். அத்தகையோருக்குரிய பெயர் அமெரிக்கக் கையேட்டில் இடம்பெற்றது 1994இல்தான். ஆகவே, அதற்கு முன் மருத்துவரைக் கண்ட, நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் இளைஞருக்கு ஆட்டிசம் என்று எழுதப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. நம் நாட்டுச் சட்டமும் தாமதித்தே வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இல்லாத ஆட்டிசம் 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றது.

கேள்விகளும் தடுமாற வைத்தன. 'ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா?' என்கிறார் மருத்துவர். சொல்லை அப்படியே பொருள்கொள்ளும் இயல்புடையவர், அடுத்த அறையில் பேசுவோரை எண்ணி, 'ஆம், கேட்கிறது' என்கிறார். முகம் பாராமை, இரைச்சல் தாங்காமை, தனக்குத்தானே பேசிக்கொள்ளுதல் ஆகிய யாவும் மனநோயின் கணக்கில் சேர்ந்துவிடும். பெண்பிள்ளைகளுள் பலர் பிறரைப் பார்த்துப் பழகித் தம் இயல்பை மறைத்துக்கொள்வதால், வெளியே தெரிவது சோர்வும் பதற்றமும் மட்டுமே. நம் ஊர்களில் ஜின்னின் மீது பழிபோட்டு முடித்துவிட்டதும் உண்டு.

பெயரால் என்ன வந்தது என்று கேட்கலாம். கானரின் முதல் சிறுவரான டொனால்ட் ட்ரிப்லெட், சிறு வயதிலேயே ஒரு நிறுவனத்தில் விடப்பட்டவர். பெற்றோர் அவரை மீட்டு வந்தனர். பின்னர் ஒரு விவசாயத் தம்பதியின் பராமரிப்பில் வளர்ந்து, கல்லூரி முடித்து, சொந்த ஊரில் வங்கி ஊழியராக வாழ்ந்து 2023இல் காலமானார். அந்தப் பதினொருவரின் பிற்கால நிலையைக் கானர் 1971இல் ஆராய்ந்தார். அரசு மனநல விடுதிகளில் சேர்க்கப்பட்டவர்கள் இருந்த திறனையும் இழந்துபோனதை அவர் வருத்தத்துடன் பதிவு செய்துள்ளார்.

பழைய சீட்டு முற்றிலும் சரியானதாகவும் இருக்கலாம். ஒருவருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எனவே, எவரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்; அது பேராபத்து. பெரியவர்களின் ஆட்டிசத்தை அறிந்த மனநல மருத்துவரிடம் மறுபரிசீலனை கோருவதே முறை. அவர் முதலில் கேட்பது சிறுபிராயத்தைப் பற்றித்தான்: எப்போது பேச்சு வந்தது, எதை வைத்து விளையாடினார், மக்தபில் யாருடன் சேர்ந்து அமர்ந்தார், எந்த ஓசைக்குக் காதைப் பொத்தினார். இதற்கு விடை எந்தக் கோப்பிலும் இராது. உம்மாவிடமும் மூத்த ராத்தாவிடமும்தான் இருக்கும். அவர்கள் நம்முடன் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.