வரிசையில் நிற்போர்

நாளும் கோளும் பார்த்து வருவதன்று அந்த அழைப்பு. இராகு காலத்தில் வரும், எமகண்டத்தில் வரும், அமாவாசை நள்ளிரவிலும் வரும். "பொருத்தமான சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, உடனே வாருங்கள்" என்று மருத்துவமனை கூப்பிடும் வேளையில், பருத்திப்பட்டில் காத்திருக்கும் நோயாளி பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தால், உறுப்பு அவருக்காகக் காத்திராது. உடலினின்று எடுத்த இதயம் ஏறத்தாழ 4 மணி நேரமே தாங்கும். சிறுநீரகம் ஏறத்தாழ ஒரு நாள் தாங்கும். கடிகாரத்துக்குத்தான் அங்கே வேலை, சோதிடத்துக்கு அன்று.

யானைத் தலையை மனித உடலில் ஒட்டிய கதை நம் நாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. கதை ஒரு நொடியில் முடிந்துவிடும். அறிவியலுக்கு அத்தனை எளிய வழி இல்லை. 1954இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வென்றார். ஒரே கருவில் உருவான இரட்டையர் ஆதலால், உடல் அதனை அயலுறுப்பென்று தள்ளவில்லை. மற்றவர்க்கு, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தேடவேண்டியிருந்தது. 1967இல் கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு மாற்று இதயம் பொருத்தினார்; நோயாளி வாழ்ந்தது 18 நாள். "விதி" என்று கூறி மருத்துவர்கள் ஓய்ந்துவிடவில்லை. ஏன் தோற்றோம் என்று கேட்டனர். அந்தக் கேள்வியால் வளர்ந்தது இக்கலை. 1971இல் நம் வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், சிறுநீரக மாற்று வெற்றி கண்டது.

மருத்துவம் முன்னேறிற்று, சமுதாயம் முன்னேறிற்றா? ஆவடியில் இரயிலேறிச் சென்னை நோக்கிச் செல்வோர் அம்பத்தூர், கொரட்டூர் தாண்டி வில்லிவாக்கத்தைக் காண்பர். அவ்வூருக்கு ஒரு காலத்தில் "கிட்னிவாக்கம்" என்று பட்டப்பெயர்! கடன்பட்ட ஏழைகள் சிறுநீரகத்தை விற்றதால் வந்த பெயர் அது. 1994இன் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுத்தது. மூளைச்சாவை மரணமென ஏற்றது. எனினும் விற்பனை மறைவில் நீடித்தது. சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைக் கண்டு ஆராய்ந்த முடிவு, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியாயிற்று. நூற்றுக்கு 96 பேர் கடன் தீர்க்கவே விற்றனர். அவர்களுள் நூற்றுக்கு 74 பேருக்குக் கடன் தீரவில்லை. குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பணம் படைத்தவன் வாழ, பசித்தவள் உடலை அறுத்துக் கொடுத்தாள்!

அந்த இழிவுக்கு மாற்றுவழி காட்டிய நிகழ்ச்சியும் நம் மேற்குப் புறநகரிலேயே நடந்தது. 2008 செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த திருக்கழுக்குன்றம் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை அவன் பெற்றோர் கொடையளித்தனர். மருத்துவரான அவ்விருவரும் விலை கேட்கவில்லை. பெறுபவர் சாதியும் கேட்கவில்லை. காவல்துறை சாலையை ஒழித்துத் தர, தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு 11 நிமிடத்தில் சென்று சேர்ந்தது அந்த இதயம். 9 வயதுச் சிறுமிக்கு அது பொருத்தப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்றுத் திட்டம் தொடங்கிற்று. பின்னர் அதற்கென ஆணையமும் அமைந்தது.

அந்தத் திட்டத்தின் உயிர்நாடி, காத்திருப்போர் பட்டியல். இரத்தப் பிரிவு என்ன, பதிந்த நாள் எது, நோயின் அவசரம் எவ்வளவு என்பன அங்கே கேள்விகள். கோத்திரம் என்ன என்பது கேள்வியன்று. சேரியில் துடித்த இதயம் அக்கிரகாரத்தில் துடிக்கலாம். எந்தச் சாத்திரமும் அதனைத் தடுக்க இயலாது.

ஆனால் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் போதுமா? போதாது. காத்திருப்பது சும்மா இருப்பதன்று. டயாலிசிஸைத் தவறவிடலாகாது, உப்பையும் நீரையும் அளந்தே கொள்ளவேண்டும். பல் சொத்தையை இப்போதே சரிசெய்யவேண்டும். மாற்றுக்குப் பின் உண்ணும் மருந்துகள் எதிர்ப்பாற்றலை அடக்குவதால், சிறு சீழும் பெரும் பகையாகும். தடுப்பூசிகளை முன்னரே போட்டுக்கொள்ளவேண்டும். புகையிலையை விட்டொழிக்கவேண்டும். இரத்தம் ஏற்றுவதை இயன்றவரை தவிர்க்க மருத்துவர் சொல்வது ஏன்? பிறர் இரத்தத்தால் உடலில் எதிர்ப்பொருள்கள் தோன்றி, பொருத்தமான உறுப்பு கிடைப்பது அரிதாகலாம். தொலைபேசி எந்நேரமும் கையில் இருக்கவேண்டும். நள்ளிரவில் ஏற்றிச்செல்ல வண்டி எது, உடன்வருபவர் யார் என்பது இன்றே முடிவாகியிருக்க வேண்டும். அழைத்த பின்னும் இறுதிச் சோதனையில் பொருந்தாமல் திரும்ப நேரலாம். அதற்கும் மனம் ஆயத்தமாக வேண்டும். நேர்த்திக்கடன் செய்யாத வேலையை இந்த ஒழுங்கு செய்யும்.

நோயாளி தம் பங்கைச் செய்கிறார். நாம்? "உறுப்பிழந்து போனால் மறுபிறவியில் ஊனமாய்ப் பிறப்பான்" என்னும் பழம்பொய் இன்னும் எத்தனை வீடுகளில் கொடையைத் தடுக்கிறது! நெருப்புக்கு இரையாகும் கண்ணுக்கும் இதயத்துக்கும் எந்தப் பிறவி காத்திருக்கிறது? இன்னொரு கொடுமையும் உண்டு. இந்நாட்டில் உயிரோடிருக்கையில் உறுப்பு தருவோரில் பெண்களே மிகுதி. பெறுவோரில் ஆண்களே மிகுதி. மனைவி தந்தால் கடமை, கணவன் தந்தால் தியாகம் என்பதா நீதி? இறந்தோர் கொடை பெருகினாலன்றி இச்சுமை பெண்ணின் தோளைவிட்டு இறங்காது.

2023இல் தமிழ்நாடு அரசு, உறுப்பு தந்தோரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை அறிவித்தது. மன்னருக்குரிய மரியாதை மனிதருக்கு வந்தது! இளைஞர்களே, கொடைப் படிவத்தில் கையெழுத்திடுங்கள். அத்தோடு நில்லாது, அன்றிரவே வீட்டாரிடம் சொல்லுங்கள்; நீங்கள் கையெழுத்திட்டிருந்தாலும், இறுதியில் இசைவு கேட்கப்படுவது அவர்களிடமே. அவர்கள் தயங்கும் ஒரு மணி நேரத்தில், வரிசையில் நிற்கும் ஒருவரின் வாய்ப்பு கைநழுவக்கூடும்.