பைரவர் முன்னே போகிறார்

பர்வதமலைக்குப் பௌர்ணமி இரவில் ஏறியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கடப்பாரைப் பாதையைச் சொல்வதற்கு முன்பே, கூட வந்த நாயைப் பற்றிச் சொல்வார்கள். தென்மாதிமங்கலத்திலிருந்தோ கடலாடிப் பக்கமிருந்தோ நடக்கத் தொடங்கியதும் எங்கிருந்தோ ஒன்று வந்து சேர்ந்துகொள்ளும். பத்தடி முன்னே போகும். நாம் மூச்சு வாங்க உட்கார்ந்தால் அதுவும் உட்காரும். அந்த மலையில் அதை யாரும் நாய் என்று சொல்வதில்லை, பைரவர்தான்.

இந்த மலைக்கும் நாய்க்கும் உள்ள பழக்கம் மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னன் என்ற தலைவனின் நாட்டைப் பாடுவது. அதில் வரும் நவிரமலைதான் பர்வதமலை என்று பலரும் கருதுகிறார்கள். 583 அடி கொண்ட அந்தப் பாட்டை ஒரு மலையேற்றக் கையேடு என்றே சொல்வேன். எங்கே வழுக்கும், எங்கே கொடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பன்றிக்கு வைத்த பொறியில் எப்படிச் சிக்காமல் போவது என்று கூத்தர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே போகிறது. மலைக்குடிகள் விருந்தாளிக்குப் போடும் சாப்பாட்டில், பெண்நாய் விரட்டிப் பிடித்த இறைச்சியும் உண்டு. ஆக, அன்று அந்த மலையில் நாய் ஒரு வேட்டைக்காரி.

வழித்துணை நாய் என்றால் மகாபாரதம்தான். இமயத்தில் தருமரோடு கடைசிவரை நடந்தது அது ஒன்றே. (எங்கள் ஆரணிப் பக்கத்து பாரதக் கூத்து படுகளம், தீமிதி, பட்டாபிஷேகத்தோடு முடிந்துவிடும். வில்லிபுத்தூராரும் போரோடு நிறுத்திக்கொண்டார். கூத்து பார்த்தே பாரதம் கற்ற என் வயதுக்காரர்கள் பலருக்கு அந்த நாயைத் தெரியாது.)

ஐரோப்பாவில் சிங்கெல் என்று ஒரு பெண்நாய் இருந்தது. கிறிஸ்டியன் ஆல்மர் என்ற சுவிஸ் வழிகாட்டி 1865-இல் அதை வாங்கி, சிங்கெல் கணவாய் வழியாகக் கூட்டி வந்தார், அதுவே பெயராகிவிட்டது. 1868-இல் கூலிட்ஜ் என்ற அமெரிக்க இளைஞனுக்குக் கொடுத்தார். கூலிட்ஜும் அவர் தாயின் சகோதரி மெட்டா பிரெவூர்ட்டும் ஆல்ப்ஸ் முழுக்க அதனோடு ஏறினார்கள். கால் புண்ணாகிறதே என்று தோல் செருப்பு தைத்துப் போட்டார்களாம், அது உதறிவிட்டது. 1875-இல் மோன் பிளாங்க் உச்சிக்கும் போயிற்று. 1879-இல் இறந்தபோது அதன் கணக்கில் 30 சிகரங்களும் 36 கணவாய்களும் இருந்தன. மெட்டா அம்மையார் பெண் என்பதால் லண்டன் ஆல்பைன் கிளப்பில் உறுப்பினராக முடியவில்லை என்பது தனிக்கதை.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். ஆகவே அந்த 66 மனதில் நின்றுவிட்டது. ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததால்தானே இது நமக்குத் தெரிகிறது? 2018 நவம்பரில் நேபாளத்தின் 7,129 மீட்டர் பாருன்ட்சே சிகரத்தில் ஒரு தெருநாய் தானாகவே மலையேற்றக் குழுவோடு சேர்ந்து உச்சிக்குப் போனது. அதற்குப் புகைப்படமும் செய்தியும் கிடைத்தன. நம் பைரவர்கள் மாதாமாதம் ஏறுகிறார்கள். ஒரு வரி கிடையாது.

பட்டு நெய்யும் நண்பர்கள் நால்வரோடு நான் போனபோது வந்தது செம்பழுப்பு நிறம், ஒரு காது கிழிந்தது. தறிக்குழியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்தே பழகியவர்கள், பாதி வழியில் படுத்துவிட்டார்கள். அது பொறுமையாகக் காத்திருந்தது. கடப்பாரை நட்டுச் சங்கிலி கட்டிய செங்குத்துப் பாறை வந்ததும் நின்றுவிட்டது. மல்லிகார்ஜுனரைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அதே பாறை நிழலில், நாக்கு தொங்க, இளைத்துக்கொண்டு கிடந்தது. வழியெல்லாம் பிஸ்கட் உறைகள். எல்லாரும் பிஸ்கட் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வைத்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் பாட்டிலில் மிச்சமிருந்ததை உள்ளங்கையில் ஊற்றினோம்; பாதி ஒழுகிப் போனது, மீதியை நக்கிக் குடித்தது.

அடுத்த பௌர்ணமிக்குப் போகிறவர்கள் கூடுதலாக ஒரு பாட்டில் தண்ணீரும், ஊற்றி வைக்க ஒரு கொட்டாங்குச்சியும் எடுத்துப் போங்கள்.