கஞ்சித் தொட்டி வட்டாரத்து வயிறுகள்

ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று போர்டில் எழுதியிருந்தாலும், பழைய வண்ணாரப்பேட்டையில் வயதானவர்களிடம் வழி கேட்டால் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரியா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தது. வயலும் ஏரியும் பாழாகி, கிராமத்து ஜனங்கள் கோட்டையை நம்பிப் பட்டணத்துக்கு ஓடி வந்தார்கள். வந்த இடத்திலும் சோறு இல்லை. கடல் வழியாக அரிசி வந்தால்தான் உண்டு என்றிருந்த நிலையில், 1782 அக்டோபரில் அடித்த புயல், அரிசியோடு கரைக்கு எட்டத்தில் நின்றிருந்த கப்பல்களையும் தோணிகளையும் நொறுக்கிப் போட்டது. (அப்போது இங்கே துறைமுகமே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும், மசூலாப் படகில்தான் சரக்கு கரைக்கு வரும்.) அந்த வருஷம்தான் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கினார்கள். 1799-ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அதை ஒட்டியே வைத்தியமும் பார்க்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் பல கை மாறி, ராயபுரம் ஆஸ்பத்திரி ஆகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைச் சூட்டிக்கொண்டு, 1938-ல் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக அதே பக்கத்தில் நடக்கிறது.

பசிக்குப் பிறந்த ஆஸ்பத்திரி அது. அதற்குப் பக்கத்துத் தெருவில் பிறந்த நான், அதிகம் தின்றுவிடக் கூடாது என்பதற்காக வயிற்றுக்குள் ஒரு சிலிகான் வளையத்தை மாட்டிக்கொண்டு பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்குத் தொழில் கஸ்டம்ஸ் கிளியரிங். எந்தச் சரக்கைப் பார்த்தாலும் எங்கிருந்து வந்தது, யார் பெயரில் வந்தது, எவ்வளவு எடை என்று கேட்கிற புத்தி. என் வயிற்றையும் அப்படித்தான் விசாரித்தேன்.

விசாரணையில் முதலில் மாட்டியவர் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1876-ல் மழை பொய்த்து, சென்னை ராஜதானி முழுக்கப் பஞ்சம் பரவியது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் இந்த மனிதரைச் செலவைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். அதற்கு மூன்று வருஷம் முன்பு வங்காளப் பஞ்சத்தில் தாராளமாக அரிசி இறக்குமதி செய்து ஜனங்களைக் காப்பாற்றியவரும் இவர்தான். அதற்காக 'ஊதாரி' என்று மேலிடத்தில் திட்டு வாங்கியவர், இங்கே வந்து அந்தப் பெயரைக் கழுவிக்கொண்டார். நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று உத்தரவு. 1 பவுண்டு என்றால் நம் கணக்கில் 450 கிராம். ராஜதானியின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், இது ஆளைக் கொல்லும் அளவு என்று விடாமல் எழுதினார். அவர் ஒரு தட்டு, இவர் ஒரு தட்டு என்று மாதக்கணக்கில் கடிதப் போர். சில மாதம் கழித்துத்தான் படியைக் கூட்டினார்கள். அதற்குள் எத்தனை பேர் போனார்களோ. அந்தப் பஞ்சம் மொத்தத்தில் 50 லட்சம் பேருக்கு மேல் காவு கொண்டது என்பது பொதுவான மதிப்பீடு.

கொடுமை என்னவென்றால் அப்போது நம் கடற்கரையில் அரிசி இருந்தது. மூட்டை மூட்டையாக, மலைபோல. மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878-ல் எழுதிய பஞ்ச வரலாற்றில் இதெல்லாம் விவரமாக இருக்கிறது. வாங்கக் காசு இல்லாதவனுக்குக் கடற்கரை அரிசி இருந்தென்ன, இல்லாமல் என்ன. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்த் துண்டை வெட்டியது இந்தப் பஞ்சத்துக் கூலிகள்தான். எங்கள் பக்கம் எண்ணூருக்குப் போகிற வடக்குத் துண்டு அதற்கு எழுபது வருஷம் முன்பே காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் வெட்டப்பட்டுவிட்டது. இப்போது இரண்டிலும் ஒரே சாக்கடைதான்.

டெம்பிள் கொடுத்த படியை மைக் டேவிஸ் என்ற வரலாற்றாசிரியர் கலோரியாக மாற்றிப் பார்த்திருக்கிறார்: சுமார் 1,600. இதைப் படித்த அன்று எழுந்துபோய் பீரோவில் இருந்த என் பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த தாளில் 1,100 என்றிருந்தது. நான் மண் சுமக்கவில்லை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து பில் போட்டேன், அது வேறு. ஆனாலும் ஒன்று உறைத்தது. எங்கள் வட்டாரத்து வயிற்றுக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற கரண்டி எப்போதுமே வேறு ஒருவர் கையில்தான் இருந்திருக்கிறது. சத்திரத்து மணியக்காரர், டெம்பிள், ரேஷன் கடைக்காரர், மேஸ்திரி. கடைசியில் ஊசியோடு ஒரு டாக்டர்.

மேஸ்திரியைச் சொன்னது என் அப்பாவை நினைத்து. அவர் ஹார்பரில் மூட்டை தூக்கினார். அறுபதுகளில் அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்த காலம். கையில் கொக்கி, தலையில் துண்டுச் சும்மாடு, முதுகில் மூட்டை. காலையில் தூக்குவாளி நிறையப் பழைய சோறு, கடித்துக்கொள்ள நெத்திலிக் கருவாடு. மதியம் திரும்பவும் சோறு. அவர் தின்றதில் பாதியை இன்றைக்கு நான் தின்றால் ஆம்புலன்ஸ் வர வேண்டும். ஆனால் அவர் இடுப்பில் ஒரு பிடி சதை கிடையாது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்ற பேச்சுக்கு எங்கள் தெரு முழுக்க உதயசூரியனில் குத்தியது என்றால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

1983-ல் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தார்கள். இந்தியாவில் அந்த வேலைக்கென்றே கட்டிய முதல் முனையம். ஐம்பது பேர் நாள் முழுக்கத் தூக்கியதைக் கிரேன் ஒன்று பெட்டியோடு தூக்கிவிட்டது. அப்பா தலைமுறையின் முதுகுக்கு ஓய்வு. எங்கள் தலைமுறை உட்கார்ந்தது. டிரெய்லரில் உட்கார்ந்தவன் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் துறைமுகத்துக் கியூவில் ராத்திரி பகலாக உட்கார்ந்தான். யார்டில், சி.எஃப்.எஸ். என்கிற கண்டெய்னர் கிடங்கில், ராஜாஜி சாலை ஆபீஸ்களில் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்துக்கே பரோட்டா வந்தது, செகண்ட் லைன் பீச்சிலிருந்து பர்மாக்காரர் அத்தோ வந்தது, பாட்டில் சோடா வந்தது. நாற்பது வயதில் எனக்கு 128 கிலோ, சுகர், பிரஷர், தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி.

சுகர் என்றாலும் ராயபுரத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. டாக்டர் எம். விசுவநாதன் 1948-ல் இதே ஸ்டான்லியில்தான் சர்க்கரை நோய்க்கென்று தனி கிளினிக் தொடங்கினார். நாட்டிலேயே பொது மருத்துவமனை ஒன்றில் அப்படி வந்தது அதுதான் முதல். 1954-ல் ராயபுரத்திலேயே சொந்தமாக ஆஸ்பத்திரியும் தொடங்கினார். கஞ்சி ஊற்றிய இடத்திலேயே சர்க்கரை வியாதிக்குச் சீட்டு எழுதத் தொடங்கியதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. புனேயில் டாக்டர் யாஜ்னிக் குழுவினர் நம் குழந்தைகளை அளந்து பார்த்துச் சொன்னது இது: வெள்ளைக்காரக் குழந்தையைவிட எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட அவர்கள் அளவுக்கே. ஒல்லியாகப் பிறந்து உள்ளுக்குள் கொழுத்திருக்கிற உடம்பு. பஞ்சத்தில் தப்பிய தலைமுறைகள் விட்டுப் போன சொத்து இது என்று ஒரு கட்சி வாதிடுகிறது, இன்னொரு கட்சி மறுக்கிறது. எப்படியானாலும், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்கு அமெரிக்கர்கள் 1991-ல் வகுத்த பி.எம்.ஐ. வரம்பு 40. கூடவே வேறு வியாதி இருந்தால் 35. இந்தியருக்கு அதை 37.5, 32.5 என்று 2009-ல் நம் நிபுணர்கள் இறக்கினார்கள். நான் எந்தக் கணக்கிலும் பாஸ்.

எனக்கு வைத்த சரக்கின் பூர்வீகம் இது. நியூ ஜெர்சியில் இருந்த லுபோமிர் குஸ்மக் என்ற உக்ரைன்காரர், 1986-ல் இறுக்கித் தளர்த்தக்கூடிய சிலிகான் வளையத்தை வைத்துக் காட்டினார். ஸ்வீடனிலும் அதே சமயம் வேறொரு வகை உருவானது. வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டு லேப்ராஸ்கோப்பி மூலம் அதை முதலில் வைத்தவர் பெல்ஜியத்தில் மித்திகு பெலச்சு, 1993 செப்டம்பர் 1. அவர் எத்தியோப்பியக் கிராமத்தில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். பஞ்சத்துக்குப் பேர்போன நாட்டுப் பிள்ளை கொழுத்தவர்களின் வயிற்றுக்குக் கடிவாளம் போட்டான் என்று படித்தபோது, முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் ஒரு சொந்தம் வந்துவிட்டது எனக்கு. அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது 2001-ல். அடுத்த பத்து வருஷமும் உலகம் முழுக்க இந்த வளையம், டாக்டர்கள் பாஷையில் பேண்ட், அதுதான் பேச்சு.

வளையம் இரைப்பையின் மேல் கழுத்தைச் சுற்றி உட்காரும். அதற்கு மேலே உண்டாகிற சின்னப் பை நாலு வாய்ச் சோற்றில் நிறைந்துவிடும். வளையத்தின் உட்பக்கம் ஊதக்கூடிய பலூன். அதிலிருந்து ஒரு குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கடியில் தைத்துவைத்த ஒரு பொத்தானில் முடியும். "தலைய மட்டும் தூக்குங்க சார்" என்பார் டாக்டர். தூக்கினால் வயிற்றுத் தசை இறுகிப் பொத்தான் விரலுக்குத் தட்டுப்படும். அதற்கென்று ஹூபர் ஊசி தனியாக உண்டு. சாதாரண ஊசி பொத்தானின் மூடியைத் துருவி எடுத்துவிடும், அப்புறம் கசிவுதான். அரை மில்லி உப்புநீர் ஏற்றுவார். எழுந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். மடமடவென்று இறங்கினால் போதவில்லை. நெஞ்சிலேயே நின்று வலித்தால் அதிகம், கொஞ்சம் உறிஞ்சி எடுக்க வேண்டும். மெதுவாக இறங்கினால் சரி. கால் மில்லி கூடக் குறைய இருப்பதில்தான் அடுத்த இரண்டு மாதம் நான் என்ன சாப்பிடுவேன் என்பது அடங்கியிருக்கும். வளையம் மொத்தமாகப் பிடிக்கிற அளவே, வகையைப் பொறுத்து, 4 முதல் 14 மில்லிதான்.

எது இறங்கும், எது இறங்காது என்று எந்தத் தாளிலும் சரியாக எழுதியிருக்காது. பரோட்டாவும் சப்பாத்தியும் உருண்டையாகி அடைக்கும். குழைந்த சோறு ஒட்டிக்கொள்ளும். காசிமேட்டு வஞ்சிரம் நன்றாக மென்றால் போகும், சுறாப் புட்டு சொகுசாகப் போகும். எத்தனையோ வருஷமாக எனக்கு மீன் வெட்டிக் கொடுக்கிற அக்கா, "இன்னாப்பா, முழுசா தூக்கினு போவ, இப்ப ரெண்டு துண்டத்தோட நிறுத்திக்கின?" என்று என் முகத்தை உற்றுப் பார்த்தது, வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைத்து. திருவொற்றியூரில் ஒரு கல்யாணம். பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்தி மரியாதைக்கு ஒரு மட்டன் பீஸை என் இலையில் போடச் சொன்னார். பேச்சு சுவாரஸ்யத்தில் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நடு நெஞ்சில் கல். வாயெல்லாம் எச்சில் ஊறி, கோழையும் நுரையுமாகப் பொங்கும். வாந்தியும் இல்லை, விழுங்கவும் முடியாது. கை கழுவுகிற இடத்தில் குனிந்து நின்றேன். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "தண்ணி குடிங்க, எறங்கிடும்" என்றார். அடைத்திருக்கும்போது தண்ணீர் குடித்தால் அதுவும் மேலேதான் வரும்.

கஞ்சி மட்டும் எந்த நாளும் தடையில்லாமல் இறங்கியது. அதுதான் பேண்டின் ஓட்டையும். கட்டியாக இருப்பதைத்தான் அது நிறுத்தும். கஞ்சி, ரோஸ்மில்க், ஐஸ்கிரீம் எல்லாம் வளையம் இருப்பதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் திரும்பப் பசிக்கும். 94 வரைக்கும் இறங்கிய என் எடை மறுபடி 107-ல் வந்து நின்றது இப்படித்தான். என்னைப் போல உலகம் முழுக்க ஆட்கள் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2011-ல் நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பேண்ட். 2018-ல் நூற்றில் ஒன்று. இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுக்கிற ஸ்லீவ் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பேண்ட் கம்பெனியும் கை மாறிக்கொண்டே இருந்தது. இனாமெட் வைத்திருந்ததை 2006-ல் அலர்கன் வாங்கியது, 2013-ல் அப்பல்லோ எண்டோசர்ஜரிக்குப் போனது, 2018-ல் ரீஷேப்புக்கு. அந்த அப்பல்லோவுக்கும் கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிக்கும் சம்பந்தமில்லை.

எனக்கு வைத்த தனியார் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இப்போது இல்லை. போனில் கேட்டால் "பேண்டா? அதெல்லாம் இப்ப பண்றதில்ல சார்" என்கிறார்கள், நான் ஏதோ புதிதாக வைக்கச் சொன்னதுபோல. வைத்ததைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? ஹூபர் ஊசிகூட நானே வாங்கிக்கொண்டு போன காலம் உண்டு.

இப்போது பார்க்கிற டாக்டர் எடுத்துவிடச் சொல்கிறார். நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. வருஷம் ஆக ஆக வளையம் நழுவலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போகலாம், மேலே உணவுக்குழாய் விரிந்து கொடுக்கலாம். எடுத்துவிட்டு ஸ்லீவ் செய்துகொண்டால் சுகருக்கும் நல்லது என்கிறார். நான், "இதுல வேணாம்னா தண்ணிய உறிஞ்சிடலாம். வெட்னத திரும்ப ஒட்டுவீங்களா சார்?" என்றேன். டெம்பிள்கூடப் படியைக் கூட்ட வேண்டி வந்தது என்பது மனதில் ஓடியது, அவரிடம் சொல்லவில்லை. "மொதல்ல எண்டோஸ்கோப்பி பாத்துடலாம், அப்புறம் சண்ட போடுங்க" என்று சிரித்துவிட்டு, என்ன மாடல், எத்தனை மில்லி பிடிக்கும் என்று கேட்டார். பழைய ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு கிடைக்காது என்று அவரே முடிவு கட்டியிருந்தார். கிளியரிங்காரன் எந்தப் பேப்பரையும் தூக்கிப் போடுவதில்லை. சீரியல் நம்பர் ஒட்டிய கார்டும், ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏற்றியது, எவ்வளவு எடுத்தது என்ற கணக்கும் ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.