எழில், செலவு, பாதுகாப்பு, அரசியல்: சான்பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதி மாற்றம் (1989–2013)

முன்னுரை

பெரும்பாலம் ஒன்றை மாற்றிக் கட்டுவது பொறியியல் பணி மட்டுமன்று. செலவை யார் ஏற்பது, எவ்வளவு இடர் ஏற்கத்தக்கது என்பனவற்றை முடிவுசெய்யும் ஆட்சிச் செயலுமாகும். கலிபோர்னியாவின் சான்பிரான்சிஸ்கோ – ஓக்லாந்து வளைகுடாப் பாலத்தின் கிழக்குப் பகுதி இதற்குத் தக்க சான்றாகும். அதன் செலவு பன்மடங்கு உயர்ந்ததற்கு அழகின்மீது கொண்ட நாட்டமே காரணம் என்ற கருத்து பரவலாக உள்ளது. அது பகுதி உண்மையே என்பதையும், முடிவெடுப்பதில் நேர்ந்த காலத்தாழ்வையும் உடன்சேர்த்தே அதனை மதிப்பிட வேண்டும் என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நிலநடுக்கமும் மாற்றும் முடிவும்

1936 நவம்பர் 12 அன்று திறக்கப்பட்ட இப்பாலத்தை யெர்பா புவேனா தீவு இரு பகுதிகளாகப் பிரிக்கிறது. மேற்கே தொங்குபாலம், கிழக்கே எஃகுச் சட்டகப் பாலம். 1989 அக்டோபர் 17 அன்று 6.9 அளவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நிகழ்ந்தது. அதன் மையம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்தபோதிலும், கிழக்குப் பகுதியின் மேல்தளத்தில் சுமார் 15 மீட்டர் நீளமுள்ள பகுதி கீழ்த்தளத்தின்மீது சரிந்தது, ஒருவர் உயிரிழந்தார். ஒரு மாதத்தில் பாலம் செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டது. எனினும், சான் ஆண்ட்ரியாஸ், ஹேவர்ட் ஆகிய இரு பிளவுகளுக்கு இடையில் அமைந்த பாலம், அண்மையில் தோன்றும் அதிர்வைத் தாங்குமா என்ற வினா எஞ்சியது.

மேற்குப் பகுதியை வலுப்படுத்தினால் போதும் என முடிவாயிற்று. கிழக்கிலோ தூண்கள் பல, வளைகுடாவின் மென்சேற்றில் அடிக்கப்பட்ட மரக்கழிகளின்மீது நின்றன. பழையதை வலுப்படுத்துவதினும் புதியதைக் கட்டுவதே நெடுநாள் பயன் தரும் என்று 1990களின் பிற்பகுதியில் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்ட்ரான்ஸ் முடிவுசெய்தது.

எழிலின் விலை

1997இல் ஆளுநர் பீட் வில்சனின் நிர்வாகம், தூண்களின்மீது செல்லும் எளிய கான்கிரீட் பாலத்தை முன்வைத்தது. மேற்கே கம்பீரமான தொங்குபாலம் நிற்க, ஓக்லாந்துப் பக்கத்திற்கு வெறும் மேம்பாலமா என்ற எதிர்ப்பு எழுந்தது. இங்கு எழில் என்பது காட்சியின்பம் மட்டுமன்று. வளைகுடாவின் இரு கரைகளுக்கிடையிலான மதிப்புச் சமன்பாடுமாகும். எளிய வடிவத்திற்கு மேற்பட்ட செலவை வட்டார மக்களே சுங்கக் கட்டணத்தின் வழி ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில் சட்டம் இயற்றப்பட்டது. வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பின், 1998இல் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் ஒற்றைக் கோபுரத் தன்தாங்கு தொங்குபாலத்தைப் பரிந்துரைத்தது.

வழக்கமான தொங்குபாலத்தின் வடம் கரையிலுள்ள பெருந்திண்டுகளில் பிணைக்கப்படும். தன்தாங்கு பாலத்திலோ அது பாலத்தளத்திலேயே பிணைக்கப்படுகிறது. எனவே வடம் சுமையை ஏற்கும்வரை தளம் முழுவதையும் தற்காலிகச் சாரத்தின்மீது நிறுத்த வேண்டும். ஏறத்தாழ பாலத்தின் கீழ் மற்றொரு பாலம் கட்டுவதற்கு ஒப்பான இப்பணியே செலவு மிகுதிக்கு வடிவம் அளித்த நேரடிப் பங்கு.

அரசியலும் காலமும்

வடிவம் தேர்ந்த பின்னரும் பணி தொடங்கவில்லை. பாலத்தின் தடம் தீவிலுள்ள தம் நகரின் வளர்ச்சித் திட்டங்களைப் பாதிக்கும் என்று சான்பிரான்சிஸ்கோ மேயர் வில்லி பிரவுன் எதிர்த்தார். தீவு அப்போது கடற்படையின் பொறுப்பில் இருந்தமையால் மண்ணாய்வும் தடைப்பட்டது. கட்டுமானம் 2002இல்தான் தொடங்கியது. அதற்குள் மதிப்பீடு 260 கோடி டாலராக உயர்ந்திருந்தது.

2004இல் தொங்குபாலப் பகுதிக்கு ஒரேயொரு ஒப்பந்தப்புள்ளியே வந்தது. வெளிநாட்டு எஃகானால் 140 கோடி டாலர். உள்நாட்டு எஃகானால் சுமார் 180 கோடி டாலர். ஆளுநர் அர்னால்டு சுவார்சனேகரின் நிர்வாகம் எளிய வடிவத்திற்கே திரும்ப முற்பட்டது. மறுவரைவும் புதிய ஒப்புதல்களும் சேமிப்பை விழுங்கிவிடும் என வட்டாரத் தரப்பு வாதிட்டது. 2005இல் எட்டிய உடன்பாட்டின்படி தொங்குபாலம் நிலைத்தது. சுங்கக் கட்டணம் உயர்ந்தது. தொங்குபாலத்தின் எஃகுப் பகுதிகள் ஷாங்காயில் உருவாயின.

பாதுகாப்பின் இரு பொருள்

2013 மார்ச்சில், நிலநடுக்க விசையைத் தாங்கும் உறுப்புகளைப் பிணைத்த 96 உயர்வலு எஃகுத் தண்டுகளை இறுக்கியபின் 32 தண்டுகள் முறிந்தன. ஹைட்ரஜனால் எஃகு நொறுங்குதன்மை அடைந்ததே காரணம் எனக் கண்டறிந்து, மாற்றுப் பிணைப்பு அமைத்தனர். பாதுகாப்பின் பெயரால் எழுந்த பாலத்தில், பாதுகாப்பு உறுப்பே பழுதுற்றது. அவ்வாண்டு செப்டம்பர் 2 அன்று பாலம் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 640 கோடி டாலர்.

தண்டுகளின் முறிவு எல்லோர் கண்ணிலும் பட்டது. 24 ஆண்டுகளாக நாள்தோறும் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட வாகனங்கள் பழைய பாலத்தின்வழிச் சென்றதிலிருந்த இடர் எக்கணக்கிலும் ஏறவில்லை.

முடிவுரை

ஒவ்வொரு தரப்பும் தன் வாதத்தைப் பாதுகாப்பின் பெயரால் முன்வைத்தது. எனினும் ஒவ்வொரு வாதமும் பழைய பாலத்தின் ஆயுளையே நீட்டித்தது. எழிலுக்குக் கூடுதல் விலை உண்டு. அதனை வெளிப்படையாகக் கணக்கிட்டு மக்கள் ஏற்க இயலும். முடிவை மீண்டும் மீண்டும் திறப்பதன் விலையையோ எம்மதிப்பீடும் முன்கூட்டிச் சுட்டுவதில்லை. அடுத்த நிலநடுக்கம் புதிய பாலத்திற்கு முன் வராதது நற்பேறு. அதனைத் திட்டமிடலின் வெற்றியாகக் கொள்ள இயலாது. பாலங்களின் வரலாற்றை எழுதுவோர் கட்டிய ஆண்டுகளோடு காத்திருந்த ஆண்டுகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.