மனுவில் விழுந்த பிழை

1760 ஜனவரி 22ஆம் நாள் அயர் கூட்டின் சேனையும் லாலியின் சேனையும் பொருதி, தென்னாட்டில் பிரெஞ்சு ஆதிக்கத்தைத் தளர்த்திய வந்தவாசியில், என் மனத்தை நெடுநாளாக ஈர்த்து வருவது கோட்டையன்று. இற்றுப்போன ஒரு கோரையை உருவிவிட்டு வேறொன்றைச் செருகுவாரேயன்றி, அதன்பொருட்டுப் பாயையே வீசியெறிய மனம் வராத நெசவாளரின் கைப்பக்குவமே. அரசாங்கத்தின் முன் குடிமகன் வைக்கும் மனுவுக்கு அந்தப் பரிவு கிட்டியதா என்பது ஆராயத்தக்க சரித்திரம்.

நீதிமன்றங்கள் இதை ஓரளவு முன்பே உணர்ந்திருந்தன. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி, போதிய முத்திரையின்றிப் பிராது தாக்கல் செய்தவருக்கு நீதிமன்றம் தவணை கொடுத்து, அத்தவணைக்குள்ளும் குறை தீராவிடில் மட்டுமே பிராதை நிராகரிக்க வேண்டும்.

தேர்தல் களத்திலோ காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. முதற் பொதுத்தேர்தலில் நாமக்கல் தொகுதியில் சென்னைச் சட்டசபைக்கு நின்ற பொன்னுசாமி என்பவரின் வேட்புமனுவைத் தேர்தல் அதிகாரி 1951 நவம்பர் 28 அன்று தள்ளிவிட, அவர் சென்னை உயர்நீதிமன்றத்தையும் பின்னர் உச்சநீதிமன்றத்தையும் அணுகினார். தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி உள்ளிட்ட ஆறு நீதிபதிகள், தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் நீதிமன்றம் குறுக்கிடலாகாது, முடிந்தபின் தேர்தல் மனுவின் வழியாகவே பரிகாரம் தேட வேண்டும் என்று 1952 ஜனவரி 21 அன்று தீர்ப்பளித்தனர். தேர்தல் இடையறாது நடந்தேற வேண்டுமென்ற அவர்களுடைய கவலை நியாயமானதே. ஆயினும் தவறாக ஒதுக்கப்பட்ட அபேட்சகர் வாக்குச்சீட்டில் இல்லாமலே தேர்தல் முடிந்துவிடும் என்பது மனத்தை உறுத்தாமற் போகாது.

ஆகையினாலேயே, பரிசீலனை மேஜையருகே காட்டப்படும் இரக்கம் பெருமதிப்புடையது. அபேட்சகர் அல்லது முன்மொழிபவரின் பெயரிலோ, வாக்காளர் பட்டியல் எண்ணிலோ எழுத்துப்பிழையோ அச்சுப்பிழையோ நேர்ந்திருப்பின் அதைத் திருத்தவிட வேண்டும், அவசியமாயின் பொருட்படுத்தாது விட வேண்டும் என்று 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இன்று சொல்கிறது. சாரமற்ற குறையைக் காட்டி மனுவைத் தள்ளலாகாது என்பது 36ஆம் பிரிவு.

தேர்தலுக்குப்பின் தொடுக்கும் மனுவுக்கோ விதி கடுமையானது. 1966ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அம்மனுக்களின் விசாரணை தீர்ப்பாயங்களினின்று உயர்நீதிமன்றங்களுக்கு மாறியது. நாற்பத்தைந்து நாட்கள் கடந்தாலும், சேர்க்க வேண்டிய எதிர்தரப்பினரை விட்டாலும், 2000 ரூபாய் பிணைத்தொகை கட்டாவிடினும், நீதிபதிக்கு வேறு வழியில்லை, மனு தள்ளுபடிதான். வென்றவரின் ஸ்தானம் வரையறையின்றி ஐயத்தில் ஊசலாடக் கூடாதாகையால் கால வரம்பை நான் ஏற்கிறேன். ஆனால் வாசகங்களின் உண்மைக்கு மனுதாரர் உறுதியளித்து ஒப்பமிடும் பகுதியில் குறையிருப்பின், அது 83ஆம் பிரிவைச் சார்ந்ததாகையாலும், தள்ளுபடிக்குக் கட்டளையிடும் பிரிவு 83ஐக் குறிப்பிடாமையாலும், திருத்தத்தக்கதே என்று உச்சநீதிமன்றம் கண்டது. முறைகேடான செயலொன்றை மனுவில் முன்னரே கூறியவர் அதன் விவரங்களைப் பின்னர் விரித்துரைக்கவும் நீதிமன்றம் அனுமதிக்கலாம். மனுவில் கூறாத புதிய முறைகேட்டை அதனுள் நுழைக்க மட்டும் இடமில்லை.