கையொப்பமும் மெய்ம்மையும்: 1815 கண்டி உடன்படிக்கையை முன்வைத்து

பழைய யப்பானிய வாளின் பிடிக்குள் மறையும் தண்டில் கொல்லன் வெட்டிய பெயரை ஆராய்வோர், அதனை முதலிற் படிப்பதில்லை. வாளின் வடிவு, உருக்கின் இழை, தண்டின் துரு ஆகியன பெயர் சுட்டும் காலத்தோடு இசைகின்றனவா என நோக்கிய பின்னரே உளிவெட்டை ஒப்பிடுவர். புகழ்பெற்றோர் பெயரைப் பிறர் பொறித்தமை அத்துணை மிகுதி.

இந்நெறி எமக்கும் வேண்டும். கொடகவெலயை உள்ளடக்கிய சப்பிரகமுவ, 1814 வரை திசாவை எகலப்பொலையின் பொறுப்பில் இருந்தது. 1815 மார்ச் 2 ஆம் நாளிட்ட கண்டி உடன்படிக்கையில் அவர் பெயரும் பிற பிரதானிகளின் பெயர்களும் உள்ளன. ஒப்பங்கள் சில தமிழெழுத்தின என்பதைக் கொண்டு, இட்டோர் தமிழரே என்பாரும், ஒப்பங்களையே ஐயுறுவாரும் உளர். இருசாராரும் பெயரை முதலிற் படித்தவர்களே.

1739 முதல் நாயக்கர் ஆண்ட அரசவையில் தமிழ் வழங்கியது. சிங்களப் பிரதானி தமிழில் ஒப்பமிடுதல் அங்கு வியப்பன்று. எழுத்து கல்வியைக் காட்டும், இனத்தைக் காட்டாது. தாள், மை, அதே பிரதானியின் பிற ஒப்பங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டே மெய்ம்மையைத் துணிதல் வேண்டும்.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் உரிமையை ஆவணத்தால் அளந்தது. ஆவணத்தைப் படிக்கும் நெறி பிழைப்பின், பிழைபடுவது வரலாறு மட்டுமன்று என்பதை நாம் அறிவோம்.