திருடிய பையனும் நிழல் பையனும்

ஆறாம் வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தன் என் ஜியாமெட்ரி பாக்ஸைத் திருடி மாட்டிக்கிட்டான். சார்கிட்ட சொன்னது நான்தான். காலைப் பிரேயரில் எல்லார் முன்னாடியும் அவனை நிற்க வைத்தார்கள். அவன் அழவே இல்லை. "கல்லுளிமங்கன்" என்றார் சார். அதுவே அவனுக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. அம்மா இறந்த பிறகு ஆச்சி வீடு, சித்தி வீடு, பெரியப்பா வீடு என்று அவன் மாறி மாறி வளர்ந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டையும் சேர்த்து யாரும் யோசிக்கலை. அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடம் வரவில்லை.

ஜான் பௌல்பி பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது அவன் ஞாபகம் வந்தது. குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பு அறுந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் அவர். அவருடைய அட்டாச்மென்ட் தியரியைப் பள்ளிகளுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள். வேடிக்கை என்னன்னா, அது முளைவிட்டதே ஒரு பள்ளிக்கூடத்தில்தான்.

1928-ல் கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற பிறகு, மற்ற பள்ளிகளால் சமாளிக்க முடியாத பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் பௌல்பி வேலை பார்த்தார். அங்கே இரண்டு பையன்கள். ஒருவன் திருட்டுக்காக முந்தைய பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவன், யாரோடும் ஒட்டமாட்டான், நிலையாக ஒரு தாய் இருந்து அவனை வளர்த்ததில்லை. இன்னொருவனுக்கு ஏழெட்டு வயசு. பயந்த பிள்ளை; பௌல்பி பின்னாலேயே திரிவான். அதனால் அவரோட நிழல் என்றே பெயர். இந்த இருவர்தான் அவருடைய வாழ்நாள் வேலைக்குத் திசை காட்டினார்கள்.

பிறகு லண்டனில் ஒரு குழந்தைகள் மனநல கிளினிக்கில், திருட்டுப் பழக்கம் இருந்த 44 பிள்ளைகளையும் அது இல்லாத 44 பிள்ளைகளையும் ஒப்பிட்டார். திருடியவர்களில் 14 பேர் யார்மேலும் பாசம் காட்டாதவர்கள். அந்த 14-ல் 12 பேர் சின்ன வயசில் தாயைவிட்டு நெடுநாள் பிரிந்திருந்தவர்கள். திருடிய மற்ற 30 பேரில் அப்படி இருந்தவர்கள் 5 பேர். திருடாத 44 பேரில் 2 பேர்தான். கட்டுரை 1944-ல் வந்தது.

இதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. சின்ன ஆய்வு. பிரிவுதான் திருட்டுக்குக் காரணம் என்று இந்த எண்கள் நிரூபிக்கவில்லை. பழியெல்லாம் தாய் தலையில் விழுந்தது. 1972-ல் மைக்கேல் ரட்டர் இதை மறுபரிசீலனை செய்து, வெறும் பிரிவைவிட வீட்டில் ஓயாத சண்டை போன்றவை எவ்வளவு முக்கியம் என்று காட்டினார். பிள்ளை பற்றிக்கொள்ளும் ஆள் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அந்தக் கடைசி விஷயம்தான் பள்ளிக்குக் கதவைத் திறக்கிறது. 1970 வாக்கில் லண்டனின் ஹாக்னி பகுதியில் மார்ஜரி பாக்ஸல் என்ற கல்வி உளவியலாளர் 'நர்ச்சர் குரூப்' வகுப்புகளைத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு ஆசிரியர், ஒரு உதவியாளர். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். தினமும் அதே முகங்கள், அதே ஒழுங்கு. தெம்பு வந்ததும் பிள்ளை வழக்கமான வகுப்புக்குத் திரும்பிவிடும்.

அமெரிக்காவில் 1998-ல் வந்த ஏஸ் ஆய்வு, சிறு வயதுத் துன்பங்களுக்கும் பெரியவரான பின் வரும் நோய்களுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அதைக் கேள்விப்பட்ட ஜிம் ஸ்போர்லெடர் என்ற தலைமையாசிரியர், வாஷிங்டன் மாநிலம் வாலா வாலாவில் இருக்கும் லிங்கன் உயர்நிலைப் பள்ளியில் தண்டனை முறையை மாற்றினார். கத்தும் மாணவனைப் பார்த்து முதலில் "என்னப்பா ஆச்சு?" என்று கேட்பது. 2009-10-ல் மாணவர்கள் சஸ்பெண்ட் ஆன நாட்கள் மொத்தம் 798. அடுத்த ஆண்டு 135. ஒரே பள்ளியின் கணக்கு இது, ஒப்பிட வேறு பள்ளி இல்லை. அதையும் சொல்லிவிடணும்.

எங்க சார் கெட்டவர் இல்லை. அறுபது பேர் உள்ள வகுப்பில் தனித்தனியாக விசாரிக்க அவருக்கு நேரம் ஏது? ஆனால் பிரேயரில் நிற்க வைக்க நேரம் இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தை ஸ்டாஃப் ரூமில் அவனோடு உட்கார்ந்து செலவழித்திருந்தால் அவன் படிப்பைத் தொடர்ந்திருப்பான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அவனை நாங்கள் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்போம், அது நிச்சயம்.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள் யாராவது, உங்கள் வகுப்பில் இருக்கும் நிழல் பையனைப் பற்றி எழுதுங்களேன்.